விஐபி அக்கா பேர் சொல்ல மாட்டார்

தற்செயலாகப் பிரபலங்களைச் சந்திப்பதற்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் எங்கள் விஐபி அக்காவே தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் போட்டிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வரமாட்டார். கொத்தமல்லி வாங்கப் போகிறவர் வழி தவறி மேடையேறி, பரிசைக் கொத்தமல்லிக் கட்டோடு பையில் போட்டுக்கொண்டு திரும்புவார். அவருடைய ராசி அப்படி.

எனக்கு அந்த ராசி கிடையாது. வாரப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்து வருடக்கணக்காகிறது. பேட்டிக்காக எத்தனையோ நடிகர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நடிகர்களைவிட அவர்கள் வீட்டுக் காவலாளிகளைத்தான் அதிகம் பேட்டி எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் கோவை கணபதியில் குடிபோன காம்பவுண்டில், அடுத்த கதவு அக்காவுடையது. காலையும் மாலையும் ஒரு பெரிய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சந்திலிருக்கும் லேத் பட்டறைகளுக்கு டீ கொடுக்கப் போவார். போய்த் திரும்புகிற அந்த நாலு தெருவுக்குள்ளேயே, நான் கால்கடுக்க நின்றும் பார்க்க முடியாதவர்களை எல்லாம் பார்த்துவிட்டு வருவார்.

அக்கா பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். கொழுந்து பறிக்கிற குடும்பம். அதனால் நம் ஊர் டீ எதுவும் அவர் கணக்கில் டீயே அல்ல. நாங்கள் குடிபோன அன்று என் மனைவி மரியாதைக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கண்ணு, உங்கூட்டுத் தண்ணி தேனாட்ட இருக்குதுங்க. அதுல எதுக்கு இந்தத் தூளைப் போட்டுக் கெடுத்துப்போட்டீங்க?"

மறுநாள் அவர் போட்ட பிளேன்டீ எங்கள் வீட்டுக்கு வந்தது. பால் இல்லை. சர்க்கரையும் அதற்குள் இல்லை. நம் உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை வைப்பார். ஒரு நக்கு, ஒரு மடக்கு, அப்படித்தான் குடிக்கவேண்டும். பட்டறை முதலாளிகள்கூட கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி அவர் முன்னால் கையேந்தி நிற்பார்கள்.

அக்காவின் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி மலையேறியவர். பேத்தி தாவணி போடும் வயதுக்கு வந்தபோது இரண்டு நாட்டுச் சர்க்காரும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அக்கா குடும்பம் நம் பங்கில் விழுந்தது. கோச்சி ஏறி (ரயிலை அக்கா அப்படித்தான் சொல்வார்), கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரி போய், அங்கே ஒரு லேத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு கணபதிக்கு வந்து சேர்ந்தார்.

"அங்கயும் லைன் ஊடு, இங்கயும் லைன் ஊடு. நடுவுல கடலு ஒண்ணுதானுங்க" என்பார்.

இந்த நெடும் பயணத்தில் அவர் குடும்பத்துக்குக் குறுக்கே பிரபலங்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். தாத்தா முதன்முதலாகக் கப்பலேறியபோது பக்கத்தில் ஒரு மகா பெரிய தலைவர் உட்கார்ந்திருந்தாராம். தாத்தாவிடம் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டாராம்.

"யாருங்கக்கா அந்தத் தலைவர்?"

"பேரு சொல்லக்கூடாதுங்க தம்பி. சொன்னா பெருமையடிச்ச மாதிரி ஆயிருமுங்க. எங்கப்பாவும் சொன்னதில்லீங்க, அவங்கப்பாரும் சொன்னதில்லீங்க."

நான் விடுவேனா? அந்தக் காலத்துத் தலைவர்களில் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, அவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாதே என்று மடக்கினேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எந்தத் தலைவருன்னு நான் சொல்லவே இல்லீங்களே" என்றார்.

பேர்தான் வராது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது மட்டும் சுத்தமாக வரும். ரெண்டு ரோட்டி, தொட்டுக்கத் தேங்காய் சம்பல், மூணாவது ரோட்டி வேண்டாம்னுட்டாரு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். நாங்கள் காம்பவுண்டே கூடி உட்கார்ந்து, சம்பல் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது என்றால் வடக்கத்தி நடிகராகத்தான் இருக்கவேண்டும் என்று துப்புத் துலக்கிக்கொண்டிருப்போம்.

திரும்பி வந்த கப்பலில் ஒரு சினிமா நடிகையும் வந்தாராம். கடல் ஒத்துக்கொள்ளாமல் ஒரே வாந்தி. அக்காவின் அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்க்கக் கொடுத்தாராம். அந்தப் பழம் மட்டும் இல்லாவிட்டால் தமிழ் சினிமா என்ன ஆகியிருக்கும் என்று அக்கா உண்மையிலேயே கவலைப்படுவார்.

மண்டபம் முகாமுக்கு ஒரு மந்திரி வந்தார். முகாமே மாலையும் மனுவுமாக முன் வாசலில் திரண்டு நின்றது. அக்காவின் அப்பா மட்டும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு பின்பக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார். மந்திரியின் டிரைவர் வழி தெரியாமல் பின்பக்கமாக வந்து காரை மணலில் இறக்கிவிட்டான். மந்திரி இறங்கி வந்து தண்ணீர் கேட்டார். அப்பா வாளியில் மொண்டு ஊற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாப்டீங்களா?"

இந்த இடத்தில் எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "அக்கா, மந்திரி கையில கெடைச்சிருக்காரு. ஒரு வீடு கேட்டிருக்கலாம், ஒரு வேலை கேட்டிருக்கலாம்!"

"பசிச்சு நிக்கறவங்ககிட்டப் போயி என்னத்தைங்க கேக்கறது?" என்றார் அக்கா.

அப்பாவின் கொள்கை அதுதான். தேடிப்போனால் தள்ளிப்போகும், ஒதுங்கி நின்றால் ஒட்டிக்கொண்டு வரும். கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நட. எதிரே யார் வந்தாலும் சாப்பிட்டாயா என்று கேள். சொத்து என்று அப்பா விட்டுப்போனது இது மட்டும்தான். அக்கா அதைப் பட்டா போட்ட நிலம் மாதிரி காப்பாற்றி வந்தார்.

ஒருமுறை கிராஸ்கட் ரோட்டில் ஒரு நகைக்கடையைத் திறந்துவைக்க முன்னணி நடிகர் ஒருவர் வந்தார். கணபதியே காலியாகிப் போயிற்று. பத்திரிகைக்காரன் என்ற மிதப்பில் நானும் போனேன். மத்தியானம் வரை வெயிலில் நின்று, நெரிசலில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, நடிகரின் இடது முழங்கையை மட்டும் தரிசித்துவிட்டுத் திரும்பினேன். அக்கா படியில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, ஒத்தைச் செருப்போட எங்க போயிட்டு வாரீங்க?"

சொன்னேன்.

"அட, இப்பத்தானுங்க போறாரு. அத்திப்பாளையம் ரோட்டுப் பஞ்சர் கடையில நின்னுட்டு இருந்தாரு."

"யாரு?"

"பேரு நான் சொல்லமாட்டனுங்க. நீங்க யாரைப் பாக்கப் போனீங்களோ, அவருதான்."

ஒற்றைச் செருப்போடு பஞ்சர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு நடிகர் வந்தாருங்களா?"

"எவரோ தொப்பி போட்டுட்டு ஒருத்தரு நின்னாருங்க. கூட்டமா இருக்குதுன்னு இப்படிக்கா சுத்தி வந்தாங்களாமா. நான் டயரைத்தானுங்க பாத்தேன். நல்ல டயருங்க."

"டீ குடிச்சாருங்களா?"

"குடிச்சாருங்க. கையை நக்கிட்டே குடிச்சாரு. பாவம், என்ன பசியோ."

அக்காவின் எல்லாக் கதைகளுக்கும் சாட்சி இந்த லட்சணத்தில்தான் கிடைக்கும். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. காம்பவுண்டில் பாதிப் பேர் அக்காவை நம்பினார்கள். மீதிப் பேர் அக்கா ரீல் விடுகிறார் என்று சொல்லிக்கொண்டே அடுத்த ரீலுக்குக் காத்திருந்தார்கள்.

அந்த ராசியை நான் ஒருநாள் வாடகைக்கு எடுக்கப் பார்த்தேன். ஒரு பிரபல பாடகி கோவைக்கு விமானத்தில் வருகிறார் என்று ஆசிரியர் தகவல் சொல்லி, எப்படியாவது பேட்டி வேண்டும் என்றார். நான் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லாமல், பீளமேட்டில் ஏர்போர்ட் பக்கம் இஞ்சி சல்லிசாகக் கிடைக்கிறதாம் என்று அளந்து கூட்டிப்போனேன். ஏர்போர்ட் வாசலில் எவன் இஞ்சி விற்பான்? அக்கா ஒன்றும் கேட்காமல் மஞ்சள் பையோடு வெளியே வருகிறவர்கள் வழியில் நின்றார். பாடகி வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா நிதானமாகச் சொன்னார். "தம்பி, நீங்க மனசுக்குள்ள தேடறீங்க. அது அவங்களுக்குத் தெரிஞ்சுபோகுமுங்க."

நான் அக்காவை முழுசாக நம்பியது எங்கள் தெருமுனை பேக்கரியில். ஒரு சாயங்காலம் நானும் அக்காவும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். நான் காராபன் வாங்கப் போனேன், அக்கா காலி பிளாஸ்க்கோடு பட்டறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெரியவர் ஓரத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அவர் திரையில் வந்து சும்மா நின்றாலே போதும், தியேட்டர் சிரிக்க ஆரம்பித்துவிடும். இப்போது பேக்கரியில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. நான் செல்போனை உருவினேன். அக்கா என் கையை அமுக்கிவிட்டு அவர் பக்கம் போனார்.

"சாப்டீங்களா?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லைம்மா" என்றார். பிறகு, "இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல, எனக்கும் ஞாபகம் வர்றதில்ல" என்றார்.

அக்கா தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்தார். ரெண்டு ரோட்டி, சம்பல். பெரியவர் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். எங்களைச் சிரிக்கவைத்த அந்த முகம் சாப்பிடும்போது அவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. போகும்போது அக்காவைக் கைகூப்பிக் கும்பிட்டார். என்னை அக்காவின் காவலாளி என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு ஒரு தலையசைப்புதான்.

கார் போன திசையைப் பார்த்தபடியே கேட்டேன். "இத்தனை பேரைப் பாத்தாச்சு. இன்னும் யாரையாச்சும் பாக்கணும்னு ஆசை இருக்குதுங்களாக்கா?"

"எங்கக்காளைப் பாக்கணுமுங்க" என்றார்.

அவருக்கு ஒரு அக்கா இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பங்கு பிரித்தபோது பெரியக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. புருஷன் வீட்டார் அந்த நாட்டுப் பங்கில் விழுந்தார்கள். ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் இரண்டு தேசமானார்கள். கொஞ்ச காலம் கடுதாசி வந்துகொண்டிருந்தது. பிறகு அங்கே கலவரமும் ஓட்டமும். இங்கே இவர்களும் முகாம், கோத்தகிரி, கணபதி என்று இடம் மாறிக்கொண்டே இருந்ததில் அதுவும் நின்றுபோனது.

"அங்க மலையில, அட்டன் ஸ்டேசன்ல வழியனுப்ப வந்துச்சுங்க. நான் காலையில இருந்து ஒரு வாய் திங்கலீங்க, அழுதுட்டே இருந்தேன். அது அக்காளுக்குத் தெரியும். கோச்சி கெளம்பிருச்சு. கூடவே ஓடி வருது. ஓடிட்டே, சாப்டியா சாப்டியான்னு கத்துது. நான் பதில் சொல்றதுக்குள்ள வளைவு வந்துருச்சுங்க தம்பி."

காராபனைத் திரும்பப் பொட்டலத்தில் மடித்து வைத்தேன். "தேடிப் பாக்கலாமில்லீங்களாக்கா?" என்றேன்.

"ஐயோ, தேடக்கூடாதுங்க!" அக்கா பதறிவிட்டார். "மத்தவங்க தள்ளிப்போனாப் போறாங்க. அக்கா தள்ளிப்போயிருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

ஏர்போர்ட்டில் அன்று அவர் இஞ்சிக்காக நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பஸ் ஸ்டாப், பேக்கரி, பஞ்சர் கடை எல்லாமே அதற்குத்தான். பிரபலங்கள் ஏதோ நடுவில் வந்து விழுந்தவர்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சியவள், வக்கீல் மாதிரி ஒரு பாயின்ட்டைப் பிடித்தாள். "அவங்க தேடக்கூடாதுன்னுதானே அவங்கப்பா சொல்லியிருக்காரு? நாம தேடக்கூடாதுன்னு சொல்லலையே?"

கொழும்பில் இருக்கும் பத்திரிகை நண்பர் ஒருவர் மூலமாக அட்டனில் ஒரு வாத்தியார் கிடைத்தார். பழைய தோட்டத்தின் பெயரும் பெரியக்காவின் புருஷன் பெயரும் போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாளிலேயே வாத்தியார் போன் செய்தார்.

"இருக்காங்க சார். புருஷன் தவறிட்டாரு, மகன் வீட்டுல இருக்காங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தோட்டத்துல இருந்து டவுனுக்கு இறங்கி வருவாங்களாம். கோச்சி வர்ற நேரம் ஸ்டேசன் பக்கம் நிப்பாங்களாம். யாரைத் தேடுறீங்கன்னு கேட்டேன். யாரையும் இல்ல, காய் வாங்க வந்தேன்னாங்க. பேச்சுவாக்குல, தங்கச்சி ஒருத்தி இந்தியாவுல இருக்கான்னாங்க. தேடினா என்னன்னு கேட்டேன். அப்பா சொல்லியிருக்காரு, தேடிப்போனா தள்ளிப்போகும்னாங்க."

கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தேடாமல் நிற்கிறாள், அந்தப் பக்கம் ஒருத்தி தேடாமல் நிற்கிறாள். ஆயுசில் பாதி இப்படியே போயிருக்கிறது. அக்காவின் அப்பா நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நிமிஷம் அவர் என் கையில் கிடைத்திருந்தால், சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டிருக்கமாட்டேன்.

போனில் பேசவைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. பொதுவாகப் பேசுகிற மாதிரி பேச்சை எடுத்தோம். "போன் போடறதும் தேடறதுதானுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் அக்கா. இரண்டு பேரையும் தற்செயலாக ஒரே இடத்தில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை. அந்தத் தற்செயலுக்கு நாங்கள் ஒரு மாதம் ஏற்பாடு செய்தோம்.

எங்கள் தெருவில் டூர் முருகேசு என்று ஒருவர், இலங்கைக்குக் கோயில் சுற்றுலா அழைத்துப் போகிறவர். கூடவே சமையல் ஆட்களையும் கொண்டுபோவார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட ஆள் தேவை என்று அக்காவைப் போய்க் கேட்டார். அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு சம்மதித்தார்.

"ஆனா சொல்லிப்போட்டேன். நான் யாரையும் பாக்கப் போகலீங்க. டீ போடத்தான் போறனுங்க."

இதைக் காம்பவுண்டில் எல்லோரிடமும் சொன்னார். பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவரிடம் சொன்னார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னார். கிளம்புவதற்கு முதல் நாள் காந்திபுரம் போய் ஒரு பச்சைச் சேலை எடுத்து வந்தார். யாருக்கு என்று என் மனைவி கேட்டதற்கு, "சும்மாங்க கண்ணு, தள்ளுபடியில கெடந்துச்சு" என்றார். சேலையைப் பையின் அடியில், ரோட்டிக் கல்லுக்கும் கீழே வைத்தார்.

திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் அட்டனில் நிற்கும். முருகேசு எல்லோரையும் ஸ்டேஷன் பார்க்க அழைத்துப் போவார். பெரியக்கா வழக்கம்போல அங்கே நிற்பார். வாத்தியார் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்வார். நானும் மனைவியும் கணபதி பேக்கரியில் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் முருகேசு கூப்பிட்டார்.

"சார், அட்டன் போர்டு வந்ததுல இருந்து அக்கா கண்ணை இறுக்கி மூடிட்டே உக்காந்திருக்காங்க. தூங்கறீங்களான்னு கேட்டா, இல்லைங்க, தேடாம இருக்கறேங்கறாங்க."

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அவர்தான். குரலே மாறியிருந்தது.

"சார், அக்காளைக் காணோமுங்க!"

"ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேனே?"

"கூப்பிட்டனுங்களே! ஸ்டேசன்ல எவரோ பெரிய ஆளு வர்றாருன்னு ஒரே கூட்டமுங்க, மேளமும் மாலையுமா. அதைப் பாத்த ஒடனே அக்கா, எல்லாரும் போற பக்கம் நான் வாரதில்லீங்க, கருவேப்பிலை வாங்கோணும்னு சொல்லிப்போட்டு எதிர்ப்பக்கமா எறங்கிப் போயிட்டாங்க."

நான் தலையில் கை வைப்பதற்குள் வாத்தியார் லைனில் வந்துவிட்டார்.

"சார், பெரியம்மாவைக் காணோம்! ஒரு ஞாயிறு தவறாம நிக்கிறவங்க. இன்னைக்குக் கூட்டத்தைக் கண்டதும் திரும்பி எங்கேயோ போயிட்டாங்க."

ஒரு மாதத்து ஏற்பாடு. பாஸ்போர்ட், டிக்கெட், முருகேசுவின் கண்ணீர் எல்லாம் ஒரு பெரிய மனிதருக்குப் போட்ட மாலையில் நசுங்கிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்கதானே? கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு வாத்தியாரைக் கேளுங்க."

கேட்டேன். "மார்க்கெட் சார்" என்றார் வாத்தியார்.

அதற்கப்புறம் வெகுநேரம் ஒரு போனும் வரவில்லை. டீ ஆறி ஏடு கட்டியது. பேக்கரிக்காரர் வந்து மேஜையை இரண்டு முறை துடைத்துவிட்டுப் போனார். கடைசியாக முருகேசு கூப்பிட்டார்.

"சார், அக்கா வந்துட்டாங்க. ஆனா ரெண்டு அக்கா வந்திருக்காங்க. ஒரு ஆளு கொறைஞ்சா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியுமுங்க. கூடிப்போனா என்ன பண்றதுங்க?"

பின்னால் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில், ஒரே குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. முருகேசு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாராம், வாத்தியார் பிறகு சொன்னார்.

ஊர் திரும்பிய அக்கா மறுநாள் காலை வழக்கம்போலப் படியில் வந்து உட்கார்ந்தார். நானும் மனைவியும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி எதிரே உட்கார்ந்தோம்.

"தம்பி, அங்க ஒருத்தங்களைப் பாத்தனுங்க" என்றார்.

"யாருங்கக்கா?"

"பேரு சொல்லமாட்டனுங்க."

"சினிமாவுங்களா?"

"இல்லீங்க."

"அரசியலுங்களா?"

"அதுக்கெல்லாம் மேலீங்க." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கருவேப்பிலை வாங்கிட்டு இருந்தனுங்க. பக்கத்துல ஒருத்தங்க, எனக்கும் ஒரு கொத்து போடுன்னு கேட்டாங்க. எங்கம்மா குரலுங்க அது, அச்சா அப்படியே. திரும்பிப் பாக்கப் பயமா இருந்துச்சு. பாத்தா தேடுன மாதிரி ஆயிருமோன்னு. அவங்களே பாத்துட்டாங்க. பாத்து, சாப்டியான்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லக்கா, பசிக்குதுன்னேன்."

சந்தில் ஏதோ ஒரு லேத் ஓட ஆரம்பித்தது.

"ரெண்டு ரோட்டி தின்னாங்க" என்று அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார். "மூணாவது வேண்டாம்னாங்க. நான் ஊட்டி உட்டேன், தின்னுட்டாங்க. பச்சைச் சேலை அவங்களுக்கு நல்லா இருந்துச்சுங்க." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னார். "அவங்களுக்கு அங்க பேரன் பேத்தி, எனக்கு இங்க பட்டறை. வந்துதானுங்களே ஆகோணும். பஸ்ஸு கெளம்பறப்ப மறுபடியும் கூடவே ஓடி வந்தாங்க. அந்த முட்டியை வெச்சுட்டு ஓடறாங்க தம்பி. சாப்டியா சாப்டியான்னு. இந்தத் தடவை வளைவு வாரதுக்குள்ள சொல்லிப்போட்டனுங்க. சாப்டேங்க்கா, நீ சாப்டியான்னு."

பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அக்காவே எழுந்து பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். கதவருகே போனவர் திரும்பி, "முருகேசு தம்பி ஸ்டேசனுக்கு வாங்க வாங்கன்னு என்னமா கூப்பிட்டுச்சு தெரியுங்களா? போயிருந்தா பாத்திருக்க முடியுங்களா? எங்கப்பா சொன்னது சரிதானுங்க" என்றார். நானும் மனைவியும் சரிதான் என்று தலையாட்டினோம். அன்று ஸ்டேஷனுக்கு வந்த பெரிய மனிதர் யார் என்று அந்தச் சகோதரிகள் இருவருக்கும் இன்று வரை தெரியாது.

இப்போது நாங்கள் வடவள்ளிப் பக்கம் வீடு மாறிவிட்டோம். அக்கா அதே காம்பவுண்டில், அதே பிளாஸ்க்கோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேக்கரி பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறாராம். ஒருமுறை கைகூடினது மறுமுறை கைகூடாதா என்ன? எனக்கும் அவரைப் பார்க்கவேண்டும் போல இருக்கும். ஆனால் போன் போடுவதும் தேடுவதுதான் என்று சொல்லியிருக்கிறாரே. அதனால் கொத்தமல்லி வாங்குவதற்கு வடவள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கணபதிக்குப் போகிறேன்.

நீங்கள் நேரில் பார்த்ததிலேயே பெரிய பிரபலம் யார் என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பேர் சொல்லமாட்டேன். என் உள்ளங்கையில் சர்க்கரை வைத்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அவ்வளவுதான் சொல்வேன்.